பெயர் வைத்த மரங்கள்

“பிளாஸ்க்ல என்ன பெரியவரே, காபியா?” என்று கேட்டாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

“காபிதான். கொஞ்சம் கசப்பு” என்றார் எலாதியோ. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டாள்.

வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதை அவருக்கும் சொன்னாள். இஞ்சினியர் பெலிசாரியோவும் அவர் மனைவி எர்னெஸ்டினாவும் நாற்பது வருடமாகச் சேர்ந்து வளர்த்த தோட்டம். பிள்ளை இல்லாத குறைக்கு ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிள்ளைப் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்களாம்.

பிள்ளை இல்லாத குறை. எலாதியோ காறித் துப்பினார்.

லிமோன் ஊர்ப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் ஆறு வருடம் கைப்பம்பை மண்ணில் குத்தி வேர்ப்புழு மருந்து ஏற்றியவர் அவர். கையுறை கேட்டதற்கு, மருந்து பால் மாதிரி, ஒன்றும் செய்யாது என்றவர் இந்த இஞ்சினியர். கூட வேலை பார்த்த பாதிப் பேர் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. எலாதியோவின் மனைவி நூபியாவை ஊர் மலடி என்றது. அந்தப் பெயரோடுதான் போன மாதம் செத்தாள்.

பிளாஸ்கில் இருந்தது களைக்கொல்லி. பட்டையைக் கொத்தி ஊற்றினால் எவ்வளவு பெரிய மரமும் நின்றபடியே காயும். அவன் பிள்ளைகளை நான் காயவைக்கிறேன் என்றுதான் பஸ் ஏறியிருந்தார்.

பாதையில் எர்னெஸ்டினா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் இருந்த இஞ்சினியர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவள் தாடையைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பினாள். “ஹசிந்தோ” என்று முனகினார் கிழவர். அடுத்த மரம். “லுக்ரேசியா.”

வேடிக்கை பார்த்த ஒருத்தி புருஷனை இடித்தாள். “இந்த வயசுலயும் எப்படித் தாங்குறா பாரு. நீ என்னைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இறக்கி விட்டுட்டு ஃபுட்பால் பார்க்கப் போன ஆளு.”

கூட்டம் நகர்ந்ததும், இருப்பதிலேயே பெரிய இலவ மரத்தடியில் எலாதியோ குந்தினார். கத்தியால் நாலு கொத்து கொத்தி மூடியைத் திறந்தபோது முதுகுக்குப் பின்னால் சக்கரம் நின்றது.

எர்னெஸ்டினா ஆளைக் கூப்பிடவில்லை. எந்தத் தோட்டம், எத்தனை வருஷம் மருந்து ஏற்றினாய் என்று மட்டும் கேட்டாள். சொன்னார். பிள்ளைகள் உண்டா என்று அவள் கேட்கவேயில்லை.

“ஊத்தணும்னா ஊத்து. ஆனா இந்த மரம் இவன் பிள்ளை இல்ல, இவனும் தொட்ட மருந்தால எனக்குப் பிறக்காதது” என்றாள். “மருந்தைத் தொட்ட ஆம்பளைக்குப் பிள்ளை பிறக்காதுன்னு கம்பெனி எழுதின கடுதாசி ரெண்டு வருஷம் இவன் பெட்டியில கிடந்துச்சு. அது என் கையில கிடைச்ச அன்னைக்கு இதை நட்டேன். மத்ததெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்க வந்து சொன்ன பேரு.”

எலாதியோ பிளாஸ்கைத் தரையில் வைத்தார்.

“போதும், எர்னெஸ்டினா” என்றார் கிழவர். கெஞ்சுகிற குரல். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நீயும் உன் பொண்டாட்டியும் என்ன பேரு வச்சிருப்பீங்க, சொல்லு. நாளையிலேருந்து இவன் தினம் அதையும் படிக்கணும்.”