சொந்தக் கன்னம்

கன்னத்தில் வைத்துவிட்ட கத்தியை எந்தப் பக்கம் இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சிரிக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடமாக ஊரார் முகத்தை வழித்துக்கொண்டிருப்பவன் நான்.

சொந்த முகத்தை நானே வழித்ததில்லை, அவ்வளவுதான். எங்கள் சலூனில் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியதும் மைத்துனனுக்கு நான் செய்துவிடுவேன், எனக்கு அவன் செய்துவிடுவான். கடை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

நான்கு நாட்களாக அது இல்லை. நான்கு நாட்களாக நான் கடைப் பக்கமே போகவில்லை. கடையில் பாதி என்னுடையது என்பது வேறு விஷயம்.

எல்லாம் எங்கள் வாடிக்கைக்காரரான பஸ் கண்டக்டர் வந்த அன்று நடந்தது. அவர் எப்போதும் என் நாற்காலியில்தான் உட்காருவார். நுரை போட்டு முடித்து, கத்தியை அவர் காதோரம் கொண்டுபோனேன். மைத்துனன் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நீங்க உக்காருங்க மாமா, இவரை நான் பாத்துக்கறேன்.”

கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னாலும் என்னை உட்காரச் சொல்கிறான். வேலை வெட்டி இல்லாமல் திரிந்தவனை, அவன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கூட்டு சேர்த்துக்கொண்ட எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

வெளியே இழுத்து வந்து கேட்டேன். என் கை நடுங்குகிறதாம்.

என் கை!

நடுங்குகிற கையா தினமும் இவன் கழுத்துப் பருக்களைச் சமாளிக்கிறது? முப்பத்தெட்டு வயதில் எவனுக்காவது பரு வருமா? இவனுக்கு வருகிறது. நுரையில் லேசாகச் சிவப்புத் தெரியும். என்னடா என்றால் பரு என்பான். கடைசி இழுப்பு முடிவதற்குள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்துவிடுவான். படிகாரம் தேய்க்கக்கூட என்னை விடமாட்டான்.

போதாததற்கு இப்போதெல்லாம் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்கிறான். இந்த வெயிலில், பெரிய ஆபீசர் மாதிரி. தலைக்கனம் வந்தால் கழுத்துக்கும் பொத்தான் வேண்டியிருக்கிறது.

அன்றே என் கத்தியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று ஒன்பது மணிக்கு, கீறல் விழாத முகத்தோடு கடைக்குள் போய் நிற்கப் போகிறேன். இந்தக் கையாலேயே செய்தேன், வந்து தடவிப் பார் என்று சொல்லப் போகிறேன். கண்டக்டரையும் கூட்டிவைத்துச் சொல்லப் போகிறேன்.

ஆனால் அடுத்தவர் முகம் வேறு, சொந்த முகம் வேறு. அடுத்தவர் என்றால் பின்னால் நின்று, தலையைச் சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்தால் முடிந்தது. இங்கே கை மூக்கைச் சுற்றிக்கொண்டு போகிறது. கண்ணாடியில் வலது இடதாகிறது. அரும்பு மீசைக்காரன் மாதிரி திருதிருவென்று நிற்கிறேன்.

முதல் இழுப்பு தப்பியது. இரண்டாவதில் தாடையில் ரத்தம்.

கத்தியில் குறை இருக்க முடியாது. காலையில்தான் தோல்வாரில் தீட்டினேன். குறை கண்ணாடியில்தான். மனைவியைக் கூப்பிட்டுக் கைக்கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னேன். ஆடாமல் பிடி என்று கத்தினேன். அவள் முழங்கை இரண்டையும் சுவரில் ஊன்றிக்கொண்டு பிடித்தாள்.

மூன்றாவது இழுப்பில் காதுக்குக் கீழே ரத்தம்.

சன்னல் வெயில் கத்தியில் பட்டு எதிர்ச் சுவரில் ஒரு சின்ன வெளிச்சமாக விழுந்தது. அது ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தித் தொலை என்றேன். ஃபேன் ஓடவில்லை என்றாள்.

அவளும் தம்பி கட்சிதான்.

அப்போதுதான் அவன் வந்தான். நான்கு நாள் தாடியோடு. ஊரில் வேறு சலூனே இல்லையா இவனுக்கு?

ரத்தம் நிற்க என் முகத்தில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளைப் பார்த்தான். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது.

அவன் ஒரு நாற்காலியைச் சன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேல் பொத்தானைக் கழற்றினான். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“கடை தெறக்கணும் மாமா. மொதல்ல எனக்குச் செஞ்சு விடுங்க.”

வெளிச்சம் நேராக அவன் கழுத்தில் விழுந்தது.

தாடிக்கு நடுவே முடி முளைக்காத கோடுகள் இருந்தன. சில வெளுத்துப்போனவை. இரண்டில் இன்னும் பொருக்கு உதிரவில்லை.

பரு கோடாக வராது. கத்திக் கீறல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கழுத்தில் வேறு யாரும் கத்தி வைத்ததுமில்லை.

கண்டக்டரின் கழுத்தை என்னிடம் விடாதவன், கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எத்தனை மாதமாக இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது.

எழுந்திருடா என்றேன்.

எழுந்தான். கத்தியை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.