பத்துக்கு எவ்வளவு?

யாங்கூன் நகரின் கியாக்டடாவில் மனநலச் சிகிச்சை தரும், எல்லோரும் மரியாதையாக ‘சயாமா’ என்றழைக்கும் நர்ஸ் ராதாமணிக்கு ஒரு வழிமுறை நன்றாகக் கைவந்திருந்தது. இருட்டுக்குப் பயப்படுகிறவரை இருட்டிலேயே உட்கார வைப்பாள். பயம் தானாக இறங்கும்வரை கதவைத் திறக்க மாட்டாள். ஜன்னலில்லாத பின்னறை வாசலில், சிகிச்சைக்கு வந்த நபீஸா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

“உள்ள ஆள் இருக்கு, சயாமா.”

“ஆளுமில்ல, பேயுமில்ல. நான் கேக்குறப்ப நம்பர் மட்டும் சொல்லுங்க, அக்கா.”

கையை உதறி, அவரை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். தெருவில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டாள்.

“பயம் பத்துக்கு எவ்வளவு?”

“பத்து.”

அடுத்த முறை ஆறு. அப்புறம் இரண்டு. டீ தீர்வதற்குள் குரல் நிதானமாகச் சொன்னது: “ஒண்ணுமே இல்ல.”

இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் குணமானதில்லை. ராதாமணி சிரித்துக்கொண்டே திறந்தாள்.

நபீஸா கதவடியில் சுருண்டு கிடந்தார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்டுவிடாதபடி முக்காட்டை வாய்க்குள் தொண்டைவரை திணித்திருந்தார். அந்த வாயால் ஒரு எண்ணைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அவருக்குப் பின்னால், இருட்டிலிருந்து, பதில் சொன்ன அதே குரல் கேட்டது.

“உங்களுக்கு எவ்வளவு, சயாமா?”