வசனம் வேண்டாம்

திருடன், போலீஸ், மாப்பிள்ளை, பேய் என்று சினிமாவில் அந்தச் சிரிப்பு நடிகர் போடாத வேஷமில்லை. எழுபது வயதில், டிவி தொடரில் மூன்று மாதமாகக் கோமா நோயாளி. கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும்.

இயக்குநர் ஓடிவந்தார். "சார், நல்ல சேதி! நாளைக்கு நீங்க கண் முழிக்கிறீங்க. ரெண்டு பக்கம் காமெடி வசனம்!"

"இன்னும் கொஞ்ச நாள் படுத்தே இருக்கேனே, தம்பி."

"ஏன் சார், வசனம் மறந்துபோகுதா?"

"ஆமாம்ப்பா."

பொய். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வசனம்கூட அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"சரி, யோசிக்கலாம். இப்ப மகளோட முகத்துக்கு மட்டும்தான் குளோசப். கட்டில்ல ஒரு தலையணையை வெச்சுச் சமாளிச்சுக்கறோம். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

"வீட்டுக்குப் போய் என்னத்தை வெட்டி முறிக்கப் போறேன்? நானே படுத்துக்கறேன்."

மகளாக நடிக்கும் பெண் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, உங்களை விட்டுட்டு நான் எங்கேயும் போகமாட்டேன்ப்பா." சொல்லும்போதே அவள் பார்வை சட்டென்று அவர் கைக்கு இறங்கியது.

"கட்! சார், கோமாவுல இருக்கறவர் பொண்ணு கையை இப்படி இறுக்கிப் பிடிக்கலாமா?"

செட்டே விழுந்து விழுந்து சிரித்தது. "படுத்துக்கிட்டே சிரிக்க வைக்க இவரை விட்டா ஆள் கிடையாது" என்றார் கேமராமேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் விடவில்லை.