இருபத்தேழு இன்ச்

"இருபத்தேழு இன்ச்சு எடுத்தாத்தான் கல்யாணம். இல்லன்னா பேச்ச இதோட வுட்றலாம்" என்றாள் மங்கம்மாள்.

மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த சகிலாவின் கை அப்படியே நின்றது.

வாணியம்பாடியிலிருந்து வந்து, புதூர்நாட்டில் அவள் கம்ப்யூட்டர் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ஜெராக்ஸும் ரீசார்ஜும் தவிர வேறு வியாபாரம் இல்லை. போன வாரம் சின்னராஜ் என்று ஒருவன் போன் செய்தான். கிராஃபிக் டிசைன் வேலைக்கு நல்ல மானிட்டர் வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் வேண்டும் என்றான். சின்னதொன்றை மடியிலும் இருபத்தேழு இன்ச் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேற்றி வந்திருந்தாள் சகிலா.

இன்று இரண்டு குடும்பமும் சேர்ந்து வந்து இறங்கியது. யார் யாருக்கு என்ன உறவு என்று அவர்கள் சொல்லவில்லை. சகிலாவுக்குச் சொல்லவும் தேவைப்படவில்லை. அதிகாரம் செய்கிற மங்கம்மாள் பிள்ளையைப் பெற்றவள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நிற்கும் சக்கரவர்த்தி பெண்ணைப் பெற்றவர். வேறெப்படி இருக்கும்?

"ரெண்டுலயும் ஒரே படந்தான தெரியுது சம்பந்திம்மா? சின்னதே போதாதா?" என்றார் சக்கரவர்த்தி.

பெரியவர்கள் முன்னால் பேசியது பேசியதுதான் என்று மங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை சின்னராஜ் வாயே திறக்கவில்லை.

மணப்பெண் அருணாதான் பென்டிரைவில் கொண்டுவந்திருந்த சாமை பாக்கெட் லேபிளை இரண்டு திரையிலும் திறந்தாள். நேராக நின்று பார்த்தாள். பிறகு ஓரமாக நகர்ந்து, குனிந்து பார்த்தாள்.

"சின்னதுல சைடுலேர்ந்து பாத்தா மஞ்சள் வெளுக்குதுக்கா. இத நம்பிப் பண்ணா பிரிண்ட்ல வேற கலர் வந்துரும். பெருசுதான் கரெக்டா காட்டுது."

சகிலா துடைத்த துணியை மேஜைமேல் எறிந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவனின் வேலைக்காக இந்தப் பெண் இதையெல்லாம்கூடத் தெரிந்துவைத்திருக்கிறாள். அப்பன் தலையில் விழப்போகும் பாரத்தை அவளையே தேர்ந்தெடுக்க வைக்கிறார்கள். தன் அக்கா காஷிஃபாவின் நிக்காஹ் ஒரு காருக்காக நின்றுபோன அன்று, அத்தாவும் இப்படித்தான் கதவோரம் நின்றார்.

இந்த வருஷத்துப் புளி விற்ற காசு மொத்தமும் இதற்கே போய்விடும் என்று முனகிக்கொண்டே, பெரியதையே கட்டச் சொன்னார் சக்கரவர்த்தி.

சகிலா ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"கட்ட மாட்டேன். வரதட்சணைக்குன்னு என் கடையிலேர்ந்து ஒரு ஒயர்கூட போவாது."

முதல் பெரிய வியாபாரம் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. பெண்ணாய்ப் பிறந்துவிட்டு, ஒரு பெண்ணின் கல்யாணத்தை இன்ச் கணக்கில் பேச வெட்கமாக இல்லையா என்று மங்கம்மாளைக் கேட்டாள். பிறகு சின்னராஜைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, டிசைன் வேலை பாக்கறியே, ஒரு மானிட்டர் சொந்தமா வாங்கத் துப்பில்லையா? வாய மூடினு நிக்கிற?"

"நான் ஜீப்பு ஓட்றேன்க்கா" என்றான் அவன்.

எதை ஓட்டினால் என்ன? அவன் பேச்சு அவள் காதில் ஏறவே இல்லை. சக்கரவர்த்தியிடம் திரும்பியபோது அவள் குரல் உடைந்தது.

"நீங்களும் இன்னாத்துக்குங்க தலைய குனிஞ்சினு நிக்கறீங்க? உங்க பொண்ண இட்டுனு வூட்டுக்குப் போங்க."

சக்கரவர்த்தி ஒன்றும் புரியாமல் அருணாவைப் பார்த்தார். அருணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மங்கம்மாள் சிரிக்கவில்லை. சகிலாவின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, அருகே வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அவ எம் பொண்ணும்மா, எங்க மலையில மாப்ள வூடுதான் பொண்ணுக்கு வேண்டியத வாங்கிப் பரியம் போடணும்."