களிமண் தவில்காரன்

ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த பழங்காலக் களிமண் பொம்மையான தவில்காரனுக்கு இடது கை இல்லை. அதுதான் ஆதி முறை என்று அரசாங்கக் கணினி தீர்ப்புச் சொல்ல, நாட்டிலுள்ள தவில்காரர்கள் எல்லாருடைய இடது கையையும் முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சாப்பிட வலது கை போதுமே என்று சமாதானம் வேறு.

என் மகள் கல்யாணத்துக்கு நானே தவில். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா தும்மினார். என் ஒற்றைக்கைக் கெட்டிமேளத்தில் அது அமுங்காமல் பந்தல் முழுக்கக் கேட்டது. அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள்.

என் கட்டு அவிழாமல் காவலுக்கு நின்ற அதிகாரியின் சட்டையைப் பிடித்தேன். "கையை அவிழுடா!"

"தோண்டிக்கிட்டுத்தான் இருக்கோம் அண்ணே. பொம்மையோட கை கிடைச்சதும் அவிழ்த்துடுறோம்."

மணக்கோலத்திலேயே என் மகள் அரிவாள்மனையோடு வந்து கயிற்றை அறுத்தாள்.

"ரெண்டு கையாலயும் கெட்டிமேளம் அடிங்கப்பா."

"தாலியே கட்டலையேம்மா?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். "இவரு போடப்போற கூச்சல் வெளியே கேட்கக் கூடாது."