பின்கதவு

பதினொன்றே காலுக்குத்தான் போலீஸ் பள்ளிக்குள் நுழைந்தது. துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே புகுந்து அதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. நான்கு பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

நீதிபதியின் விசாரணை அறையில் போலீஸ் அதிகாரி வாட்ச்மேனை நோக்கிக் கையை நீட்டினார். "பின்கதவு ஒண்ணு இருக்குன்னு இந்த ஆளு மூச்சே விடலை. தெரிஞ்சிருந்தா அப்பவே உள்ள போயிருப்போம்."

வாட்ச்மேன் துள்ளி எழுந்தார். "வாய் கூசாம பேசுறீங்களே சார்!"

"உட்காருய்யா. நாலு உசுரு போனது உன்னாலதான். உன்னை ஜெயில்ல தள்ளாம விடமாட்டேன்."

"கதவைப் பத்தி இவருகிட்ட சொன்னதுக்கு சாட்சி இருக்கா?" என்று நீதிபதி வாட்ச்மேனைக் கேட்டார்.

வாட்ச்மேன் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். கையெழுத்து வாங்காமல் எந்தப் பிள்ளையையும் வெளியே விடக் கூடாது என்று போன வருடம் பள்ளிக்கு வந்து சட்டம் போட்டவர் இதே அதிகாரிதான். அன்றைய பக்கத்தில் ஒரே வரி இருந்தது: பத்து இருபது, ஐந்தாம் வகுப்பு மாணவி, அழைத்துப் போனவர் தந்தை, கீழே அவர் கையெழுத்து.

வாட்ச்மேன் அதை அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"குண்டுச் சத்தத்துலயும் நீங்க போட்ட சட்டத்தை நான் மீறலை. உங்க பொண்ணை எந்தக் கதவு வழியா கூட்டிட்டுப் போனீங்க சார்?"