மெல்லிய குரலுக்கு ஓர் இணைப்பு

மாடியில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, புது இண்டர்நெட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள் அவள். கீழே கடையிலிருந்து பேசுகிறார் கணவர். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபிறகு அவருக்கு மிஞ்சியது கிசுகிசுப்புதான்; பழைய போனில் அது கேட்டதே இல்லை. வைஃபையிலும் பேச்சு பாதிப் பாதியாக அறுந்துபோகிறது. "கேபிள்ல குடுத்துப் பாக்கலாம்க்கா," என்கிறார் இணைப்புத் தர வந்தவர். சுவரோரமாக வந்த நீலக் கம்பி போனின் அடிப்பெட்டிக்குள் டக்கென்று உட்காருகிறது. பச்சை விளக்கு நடுங்கி, நிலைக்கிறது. மறுபடி மணி அடிக்கிறது. "சாப்ட்டியா?" ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை, அவர் மூச்சு விடுவதும் கேட்கிறது. "இதுவே இருக்கட்டும் தம்பி," என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, வெயில் விழும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். "இன்னொரு தடவ கேளுங்க." "ஏன், கேக்கலியா?" "நல்லாவே கேக்குது. அதான்."